பதினேழு இன்ச்: பெரியம்மா ஏன் விமானம் ஏற மறுத்தார்

என் பெரியம்மா நாற்பது ஆண்டுகளாக நந்தனத்தில் ஒரு வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் இருக்கிறார். அந்த பிளாக்கில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவர். 2019-இல் மகளின் முதல் பிரசவத்துக்காக அமெரிக்கா போய் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தார். 2023-இல் மகள் இரண்டாவது பிரசவத்துக்குக் கூப்பிட்டபோது, "நான் வரலை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, மாப்பிள்ளையோடு ஏதோ மனஸ்தாபம், வயதாகிவிட்டது, பிடிவாதம். பெரியம்மா எதையும் மறுக்கவில்லை. அந்த ஜனவரியில் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்த புத்தகக் காட்சிக்குப் போய்விட்டு, இரண்டு கையிலும் பைகளோடு அவர் வீட்டில் காபி குடிக்க உட்கார்ந்தேன். அன்றுதான் உண்மையைச் சொன்னார்.

"சீட்டுல உக்காந்ததும் ரெண்டு பக்கக் கைப்பிடியும் இடுப்பை அழுத்த ஆரம்பிச்சுது கண்ணு. இறங்குற வரைக்கும் விடல. இந்தப் பக்கம் ஒரு ஆம்பள. அவர் மேல படக்கூடாதுன்னு ஒருக்களிச்சே உக்காந்திருந்தேன். தண்ணி குடிச்சா பாத்ரூம் போவணும், போவணும்னா அவரை எழுப்பணும். அதனால தண்ணியே குடிக்கல. பெல்ட்டு எட்டல. அந்தப் பொண்ணு வந்து பாத்துட்டு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி இன்னொருத்திகிட்ட எக்ஸ்டென்ஷன் பெல்ட்டு கேட்டா. முன்னாடி இருந்தவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க."

இடையில் விமானம் மாறி, மொத்தம் இருபது மணி நேரத்துக்கு மேல். போய் இறங்கியபோது கால் வீங்கியிருந்தது. தொடையின் இரண்டு பக்கமும் நீலமாகக் கன்றியிருந்தது. மகள் கேட்டதற்கு, பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார். திரும்பி வரும்போதும் அதே கதைதான். நான்கு ஆண்டுகளாகப் பெரியப்பாவுக்குக்கூடத் தெரியாது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், "தப்பு என் மேலதான். உடம்பைக் குறைச்சிட்டுப் போயிருக்கணும்" என்றார்.

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றியது. ஒரு கம்பெனி எடுத்த முடிவு எப்படி ஒரு பெண்ணின் குற்றமாக அவள் வாயிலிருந்தே வருகிறது? ஒரு நாவலையோ சினிமாவையோ நாம் எப்படி வாசிக்கிறோமோ, அப்படியே ஒரு நாற்காலியையும் வாசிக்கலாம். அதையும் யாரோ எழுதியிருக்கிறார்கள். யாரையோ மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

அன்று பெரியம்மாவின் தையல் மிஷின் மேலேயே இன்ச் டேப் கிடந்தது. சாதாரண வகுப்பு இருக்கை பெரும்பாலும் 17 முதல் 18 இன்ச் அகலம் என்று நான் படித்திருந்தேன். துணியில் கோடு போடும் சாக்கால் கட்டிலின் விளிம்பில் 17 இன்ச் அளந்து இரண்டு கோடு போட்டோம். முதலில் நான் உட்கார்ந்தேன். நான் ஒல்லியும் இல்லை, குண்டும் இல்லை. என் தொடை இரண்டு கோட்டையும் தொட்டது. கையை வைக்க இடம் இல்லை. பெரியம்மா கோடுகளைப் பார்த்தார், உட்காரவில்லை. "இதுல யாருடி உக்காருவாங்க?" என்று கேட்டார். அது சரியான விமர்சனக் கேள்வி.

அந்த அளவு எங்கிருந்து வந்தது? விமானத்தின் உடம்பு குறுகலானது, வேறு வழியில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அது பாதி உண்மைதான். போயிங் 777 விமானம் 1995-இல் பயணிகள் சேவைக்கு வந்தபோது, பெரும்பாலான நிறுவனங்கள் சாதாரண வகுப்பில் ஒரு வரிசைக்கு ஒன்பது இருக்கைகள் போட்டன. பிறகு அதே விமானத்தில், அதே அகலத்தில், பத்து இருக்கைகள் போடுவது வழக்கமாகிவிட்டது. அதன் பின் வந்த போயிங் 787-இல் பெரும்பாலான நிறுவனங்கள் வரிசைக்கு ஒன்பது போடுகின்றன. ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் சர்வதேசப் பயணங்களில் எட்டுத்தான் போடுகிறது. விமானம் ஒன்றே, எட்டா ஒன்பதா என்பது கணக்குப் பார்த்து எடுக்கிற முடிவு. பெரியம்மாவின் தொடையில் இருந்த நீலத்துக்கு அந்தக் கணக்கோடு சம்பந்தம் உண்டு.

அமெரிக்காவில் பயணிகள் அமைப்பு ஒன்று இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2017-இல் தீர்ப்பு எழுதிய நீதிபதி பாட்ரிசியா மில்லெட், அதைச் சுருங்கிக்கொண்டே போகும் விமான இருக்கையின் வழக்கு என்று கேலியாகவே குறிப்பிட்டார். வரிசைக்கு வரிசை இருந்த இடைவெளி சராசரியாக 35 இன்ச்சிலிருந்து 31-ஆகவும், இருக்கையின் அகலம் 18.5 இன்ச்சிலிருந்து 17-ஆகவும் குறைந்தது என்பது அந்த வழக்கில் வைக்கப்பட்ட கணக்கு. மறுவருடமே குறைந்தபட்ச அளவை நிர்ணயிக்கச் சொல்லி அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டது. விமானத்தை 90 விநாடியில் காலி செய்ய முடிகிறதா என்று அரசு சோதித்துப் பார்த்தது. சோதனைக்கு வந்தவர்கள் எல்லோரும் அறுபது வயதுக்கு உட்பட்ட, உடல் திடமுள்ள பெரியவர்கள். மூட்டுவலிக்காரிகள் இல்லை, மடியில் பிள்ளை வைத்திருந்தவள் இல்லை. என் பெரியம்மாவுக்கு 2019-இல் வயது 61. நெருப்புப் பிடித்தால் எப்படித் தப்பிப்பது என்று யோசித்துப் பார்த்த கணக்கிலும் அவர் இல்லை.

"உடம்பைக் குறைச்சிருக்கணும்" என்பதை இந்த இடத்தில் நிறுத்தி வைத்துப் பார்க்கலாம். 1980-களின் இறுதியில் அமெரிக்க ராணுவம் தன் ஆட்களை உச்சி முதல் உள்ளங்கால் வரை அளந்தது. உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலம் ஆண்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 37 சென்டிமீட்டர், பெண்களுக்கு ஏறத்தாழ 38.5. இவர்கள் எடை வரம்புக்கு உட்பட்டு, தினமும் உடற்பயிற்சி செய்கிற சிப்பாய்கள். உயரத்திலும் தோளிலும் ஆணைவிடச் சிறியவளான பெண், இடுப்பில் ஆணைவிட அகலமாக இருக்கிறாள். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த நாற்காலி சரியாக அந்த இடத்தில்தான் கடிக்கிறது. ஆணுக்கு இடிப்பது தோள். தோளை அவன் பக்கத்து இருக்கைக்குள் கொண்டுபோய்விடலாம், முழங்காலையும் அகட்டிக்கொள்ளலாம். இடுப்பைக் கொண்டுபோக இடம் கிடையாது. பெரியம்மா ஒருக்களித்து உட்கார்ந்தது அவருடைய சுபாவம் மட்டும் அல்ல, பெண்களுக்குச் சிறு வயதிலிருந்து கொடுக்கப்பட்ட பயிற்சி. பஸ்ஸில் ஜன்னலோரம் ஒட்டிக்கொள்வது, ஷேர் ஆட்டோவில் பையை மடியில் நிறுத்திச் சுவர் கட்டுவது எல்லாம் அதே பாடம்.

இத்தனைக்கும் பெரியம்மா அன்று விமான நிலையத்துக்குப் போனது மெட்ரோவில். நந்தனத்தில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் விமான நிலையம். ரயில் பெட்டியில் இருப்பது சுவரோரமாக ஓடும் நீளமான பெஞ்சு, ஆளுக்கு ஆள் கைப்பிடி இல்லை. நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஐந்தாவதாக ஒருத்தி வந்து, "கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா" என்பாள். இல்லை, நான்கு பேரே போதும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். யாரும் யாரையும் அளப்பதில்லை. மாநகரப் பேருந்தின் இரண்டு பேர் சீட்டும் அப்படித்தான். நெரிசல் உண்டு, சண்டையும் உண்டு. ஆனால் உடம்புக்குத் தகுந்தபடி இடம் கூடும், குறையும். சில மணி நேரத்துக்கு முன் மெட்ரோவில் சாதாரணமாக உட்கார்ந்து வந்த அதே உடம்பு, விமானத்தில் ஏறியதும் தகராறாகிவிட்டது. நடுவில் மாறியது பெரியம்மாவின் எடை அல்ல.

எக்ஸ்டென்ஷன் பெல்ட்டைச் சத்தமாகக் கேட்ட அந்தப் பணிப்பெண் மேல் பெரியம்மாவுக்கு இன்னும் கோபம் உண்டு. எனக்கும் இருந்தது. ஆனால் அந்தப் பெண் எந்த அளவுகோலுக்குக் கீழே வேலை செய்கிறாள் என்பதை நம் நாட்டுச் சட்டத்தில் தேடிப் படித்தபோது கோபம் இடம் மாறிவிட்டது.

ஏர் இந்தியாவின் பழைய விதிப்படி பணிப்பெண் 35 வயதில் ஓய்வு பெறவேண்டும். வேலையில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்தாலோ, முதல் முறை கர்ப்பமானாலோ அதற்கு முன்பே வேலை போய்விடும். நர்கேஷ் மிர்சா என்ற பணிப்பெண்ணும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 1981-இல் உச்சநீதிமன்றம் கர்ப்ப விதியை நீக்கியது. நான்கு ஆண்டுத் திருமணத் தடையை அப்படியே விட்டுவிட்டது. அடுத்து வந்தது எடை. எடை கூடியதற்காகத் தங்களைத் தரையிறக்கியதை எதிர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் பணிப்பெண்கள் போட்ட வழக்கை 2007-இல் தில்லி உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2009-இல் ஏர் இந்தியா எடையைக் காரணம் காட்டிப் பணிப்பெண்கள் சிலரை வேலையை விட்டே நீக்கியது.

2014-இல் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் விமானப் பணியாளர்களுக்கு வகுத்த மருத்துவ விதி இவை எல்லாவற்றையும்விடத் தெளிவானது. எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. எண் ஆணுக்கு 25 வரை இருந்தால் இயல்பு. பெண்ணுக்கு 22 வரைதான் இயல்பு. 160 சென்டிமீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பி.எம்.ஐ. 23-ஐக் கொஞ்சம் தாண்டும். அவர் ஆணாக இருந்தால் ஆரோக்கியமானவர், பெண்ணாக இருந்தால் அதிக எடை. பாதுகாப்புக்காகத்தான் இந்த விதி என்றால், அவசரக் கதவைத் திறக்கும்போது ஒரு பெண்ணின் 60 கிலோ ஏன் ஆணின் 60 கிலோவைவிட அதிகக் கனமாகிறது? அங்கே அளக்கப்படுவது ஆரோக்கியம் அல்ல, பார்வைக்கு எப்படி இருக்கிறாள் என்பது.

ஆக அந்த ஒடுங்கிய நடைபாதையில் எதிரும் புதிருமாக நின்றவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி இருக்கைக்குள் அடங்கவில்லை, இன்னொருத்தி சீருடைக்குள் அடங்கினால்தான் சம்பளம். தன் எடையை ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்து வாழும் ஒருத்தியிடம், இன்னொருத்தியின் எடையைக் கூச்சத்தோடு கையாளும் வேலையைக் கம்பெனி ஒப்படைத்திருக்கிறது. ஒன்பதாவது இருக்கையைப் போடச் சொன்னவர் அந்த விமானத்தில் இல்லை. இருந்தாலும் முன்னால், அகலமான வகுப்பில் இருந்திருப்பார்.

நம் ஊர்க் கலாச்சாரம் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது? முதல் பதில் சிரிப்பு. தமிழ் சினிமாவில் குண்டுப் பெண் என்றால் நாற்காலி உடையவேண்டும், அவள் ஏறியதும் ஸ்கூட்டர் டயர் இறங்கவேண்டும். நாற்காலி ஏன் அவ்வளவு ஓட்டையாக இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. இரண்டாவது பதில் கொஞ்சம் நல்லெண்ணம் உள்ளது. 2015-இல் வந்த 'இஞ்சி இடுப்பழகி' அதற்கு உதாரணம். அனுஷ்கா அந்த வேடத்துக்காக உண்மையிலேயே எடை கூட்டிக்கொண்டு நடித்தார். உடல் இளைக்கவைப்பதாக ஏமாற்றும் வியாபாரத்தைப் படம் தோலுரிக்கிறது. பெண்ணே, உன் உடம்பை நீ ஏற்றுக்கொள் என்கிறது. படம் பார்த்த அன்று எனக்குப் பிடித்திருந்தது. இப்போது அதன் எல்லை தெரிகிறது. அங்கும் மாறவேண்டியவள் அவள்தான். முன்பு உடம்பைக் குறைக்கச் சொன்னார்கள், இப்போது மனதைத் திருத்தச் சொல்கிறார்கள். பெரியம்மா நாளையிலிருந்து தன் உடம்பை உயிராக நேசித்தாலும் கைப்பிடி நகராது.

அமெரிக்க எழுத்தாளர் ரோக்சேன் கே, தன் உடம்பைப் பற்றி 2017-இல் எழுதிய 'ஹங்கர்' என்ற நூலில், விமானத்தில் இரண்டு இருக்கைகள் வாங்கிப் போவதைச் சொல்கிறார். அவருக்கு அது முடிகிறது. நந்தனத்திலிருந்து போகும் ஒரு தையல்காரிக்கு ஒரு டிக்கெட்டே மகளின் சேமிப்பு. இந்தியாவிலும் கூடுதலாக ஒரு இருக்கை வாங்கிக்கொள்ளும் வசதியைத் தரும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் அது வாங்க முடிந்தவர்களுக்கான தீர்வு.

எதிர்வாதத்தையும் கேட்கவேண்டும், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. இருக்கையை அகலமாக்கினால் டிக்கெட் விலை ஏறாதா? ஏறும். ஒன்பது பேர் தந்த பணத்தை எட்டுப் பேரிடம் வாங்கவேண்டுமானால் ஆளுக்கு எட்டில் ஒரு பங்கு கூடும். அந்தக் குறுகிய இருக்கையால் வந்த மலிவு விலைதான் பெரியம்மாவை முதல்முறை விமானத்தில் ஏற்றியது என்றும் ஒருவர் சொல்லலாம். பக்கத்தில் நசுங்கி உட்கார்ந்தவரும் முழு டிக்கெட் கொடுத்தவர்தானே என்று இன்னொருவர் கேட்கலாம். கேட்கட்டும். நசுங்கியவருக்கும் அநியாயம் செய்தது அதே கம்பெனிதான். இருவருக்கும் சேர்த்து 34 இன்ச் கொடுத்துவிட்டு, உங்களுக்குள் அடித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது.

எடைக்கு ஏற்ற விலை என்று 2013-இல் சமோவா ஏர் என்ற சின்ன நிறுவனம் பயணிகளைக் கிலோ கணக்கில் நிறுத்திக் கட்டணம் வாங்கிப் பார்த்தது. கனடா வேறு வழியில் போனது. 2008-இல் அந்நாட்டுப் போக்குவரத்து ஆணையம், ஒருவருக்கு ஒரு கட்டணம் என்ற கொள்கையை உள்நாட்டுப் பயணங்களுக்குக் கொண்டுவந்தது. உடல் பருமனால் ஒரே இருக்கையில் உட்கார இயலாத ஊனம் உள்ளவருக்கு இரண்டாவது இருக்கைக்குக் காசு கேட்கக்கூடாது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனபோது கனடா உச்சநீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. அங்கும் மருத்துவச் சான்று வேண்டும், இயலாமையை நிரூபிக்கவேண்டும். குறை உண்டு. ஆனாலும் அந்த முடிவு ஒரு விஷயத்தைத் தலைகீழாகப் புரட்டியது. இடம் போதவில்லை என்றால் அது பயணியின் கடன் அல்ல, சேவை தருபவரின் கடமை. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. உடல் பருமன் அதில் இல்லை. அதை அங்கே சேர்ப்பதா, அல்லது ஊனம் என்ற பெயர் இல்லாமலே எல்லா உடம்புக்கும் இடம் கேட்பதா என்பதைப் பெண்கள் இயக்கங்களும் மாற்றுத்திறனாளி இயக்கங்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசவேண்டும். நான் இரண்டாவதன் பக்கம்.

இது ஏன் பெண்ணியக் கேள்வி என்று வகுப்பில் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். குண்டு ஆண்களும் அதே இருக்கையில்தானே சிரமப்படுகிறார்கள் என்றாள். படுகிறார்கள். ஆனால் சென்னை விமான நிலையத்தின் சர்வதேசப் புறப்பாட்டு வாசலில் ஒரு இரவு நின்று பாருங்கள். ஐம்பத்தைந்து, அறுபது வயதுப் பெண்கள், வாழ்க்கையில் முதல்முறை சுடிதார் போட்டுக்கொண்டு, முழங்கால் வலியோடு, பிரசவ லேகியமும் பருப்புப் பொடியும் பெட்டியில் கட்டிக்கொண்டு தனியாகவோ துணையோடோ நிற்பார்கள். பிள்ளை பெற்று, மாதவிடாய் நின்று, சர்க்கரையோ தைராய்டோ சேர்ந்து அகலமான உடம்புகள். அங்கே போய் மகளுக்குப் பத்தியச் சாப்பாடு, குழந்தைக்கு எண்ணெய்க் குளியல், வீடு முழுக்கச் சமையல். சம்பளமில்லாத இந்த வேலையை நம்பித்தான் அங்கே ஒரு இளம் தாய் வேலைக்குத் திரும்புகிறாள். கண்டம் தாண்டிப் போகிற இந்த உழைப்பை ஏற்றிச் செல்லும் இருக்கை, உழைப்பவளின் இடுப்பை நினைத்துச் செய்யப்படவில்லை. இது உடம்பைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. யாருடைய பயணம் பயணமாக மதிக்கப்படுகிறது என்ற கேள்வி.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. இத்தனை கிலோ பெட்டி கொண்டுவரலாம் என்று போடுகிற இடத்திலேயே, இருக்கை இத்தனை இன்ச் என்றும் போடட்டும். எக்ஸ்டென்ஷன் பெல்ட் வேண்டும் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே சொல்ல ஒரு கட்டம் இருக்கட்டும், போய் உட்காரும்போது அது இருக்கையில் தயாராகக் கிடக்கட்டும். விமானத்தில் காலி இடம் இருந்தால் கேட்காமலே கொடுக்கட்டும். குறைந்தபட்ச அகலம் என்ற ஒன்றை அரசு நிர்ணயிக்கட்டும், அப்போது அளக்க உட்காருகிறவர்களில் அறுபது வயதுப் பெண்களும் இருக்கட்டும். பணிப்பெண்ணின் 22-ஐ ஆணின் 25-க்கு ஏற்றட்டும். அதுவரை நமக்குள் பகிர்ந்துகொள்ளச் சில விவரங்கள்: கால் நீட்ட இடம் என்று காசு கொடுத்து முதல் வரிசை எடுக்காதீர்கள், அங்கே பெரும்பாலும் மேசை கைப்பிடிக்குள் இருக்கும், கைப்பிடியைத் தூக்க முடியாது. நடைபாதை ஓரத்துக் கைப்பிடியின் அடியில் பல விமானங்களில் ஒரு சின்ன விசை இருக்கும், அழுத்தினால் தூக்கலாம். தண்ணீர் குடியுங்கள். பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள்.

பெரியம்மா 2023-இல் போகவில்லை. மகளுக்கு அங்கிருந்த தமிழ்ப் பெண்கள் முறைவைத்துச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டாவது பேத்தி வீடியோ அழைப்பில் வளர்ந்தாள். அந்தக் குற்ற உணர்வு பெரியம்மாவுக்கு இன்னும் போகவில்லை. நான் எத்தனை கணக்குச் சொன்னாலும் அது போகுமா என்று தெரியவில்லை. போன மாதம் மகளிடம் காரணத்தைச் சொல்லிவிட்டார். மகள் போனில் ரொம்ப நேரம் அழுதாளாம்.

அதற்கு அடுத்த வாரம் நான் போயிருந்தபோது பெரியம்மா தி.நகரில் ஒரு டிராவல் ஏஜென்டோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பையன் 23 கிலோவில் இரண்டு பெட்டி, கைப்பை ஏழு கிலோ என்று மளமளவென்று சொன்னான். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அதெல்லாம் சரிப்பா. சீட்டு எத்தனை இன்ச்சு?" என்றார் பெரியம்மா.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை மேடம் என்றான்.

"விசாரிச்சு வை. நாளைக்குக் கூப்பிடுறேன்" என்று சொல்லி போனை வைத்தார்.